தரையில் தொடங்கும் விபத்துகள்: விமானப் புறப்பாடும் தென்சென்னைப் புறநகரும்

1976 அக்டோபர் 12ஆம் தேதி பின்னிரவில் பம்பாய் சாந்தாகுரூஸ் விமான நிலையத்திலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸின் 171ஆம் எண் விமானம் மீனம்பாக்கம் வந்து சேரவில்லை. எழும்பிய சிறிது நேரத்திலேயே அதன் இரண்டு என்ஜின்களில் ஒன்று பழுதாகித் தீப்பிடித்தது. விமானி திரும்பி வந்து இறங்க முயன்றார். ஓடுபாதையை நெருங்கிவிட்ட நேரத்தில் விமானம் கட்டுப்பாட்டை இழந்து விழுந்தது. 89 பயணிகள், 6 ஊழியர்கள் என உள்ளே இருந்த 95 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

தமிழ்நாட்டில் அந்த விபத்து இன்றும் நினைக்கப்படுவது பெரும்பாலும் ஒரு நடிகையின் பெயரால்தான். அப்போது தயாரிப்பில் இருந்த ‘பத்ரகாளி’ படத்தின் நாயகி ராணி சந்திரா, தம் தாயுடனும் சகோதரிகளுடனும் அந்த விமானத்தில் இருந்தார். எஞ்சிய காட்சிகளை அவர் சாயலுள்ள வேறொரு பெண்ணை வைத்து முடித்து, அதே ஆண்டு டிசம்பரில் இயக்குநர் ஏ.சி. திருலோகசந்தர் படத்தை வெளியிட்டார். நடிகையை நினைவில் வைத்திருக்கிறோம். விமானம் ஏன் விழுந்தது என்பதைச் சொல்லத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த ஏர் இந்தியா விமானத்தின் எண்ணும் 171 என்பதால் பழைய விபத்து மறுபடி பேச்சுக்கு வந்தது. எண் ஒத்துப்போனது தற்செயல். இரண்டும் தரையை விட்டு எழும்பிய சிறிது நேரத்தில் நடந்தவை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய ஒற்றுமை. இத்தகைய விபத்துகள் ஏன் நேர்கின்றன, அவற்றின் காரணம் எங்கே இருக்கிறது, மீனம்பாக்கத்தையும் தாம்பரத்தையும் சுற்றிக் குடியிருக்கும் பல லட்சம் பேருக்கு அவற்றில் என்ன பாடம் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் விசாரணை. விபத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போது தெரிவது இது: புறப்பாட்டு விபத்து வானத்தில் நிகழ்கிறது, அதன் காரணம் பெரும்பாலும் அதற்கு முன்பே தரையில் உருவாகிவிடுகிறது.

புறப்பாடு ஏன் கடினம்

விமானத்தின் எடை மிக அதிகமாக இருப்பது புறப்படும்போதுதான். இறக்கைகளுக்குள் எரிபொருள் நிரம்பியிருக்கும். என்ஜின்கள் தம் சக்தியின் உச்சத்துக்கு அருகில் இயங்கும். உயரமோ சில நூறு அடி, வேகமோ பறக்கத் தேவையானதைவிடச் சற்றே கூடுதல். பத்து கிலோமீட்டர் உயரத்தில் இரண்டு என்ஜின்களும் நின்றுபோனால்கூட விமானிக்கு யோசிக்கவும் மறுபடி முடுக்கிப் பார்க்கவும் பல நிமிடங்கள் கிடைக்கும். அறுநூறு அடியில் சில விநாடிகளே கிடைக்கும். அதனால்தான் மொத்தப் பயண நேரத்தில் புறப்பாடும் முதல் ஏற்றமும் மிகச் சிறிய பங்கே என்றாலும், உயிர்ச்சேத விபத்துகளில் அவற்றின் பங்கு அதைப்போலப் பல மடங்காக இருக்கிறது.

இதைத் தெரிந்துதான் விமானத்தை வடிவமைக்கிறார்கள். ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன்பு எடை, வெப்பநிலை, காற்று, ஓடுபாதையின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு வேகத்தைக் கணக்கிடுவார்கள். விமானிகள் அதை ‘வீ-ஒன்’ என்பார்கள். அந்த வேகத்துக்குள் கோளாறு தெரிந்தால் நிறுத்திவிடலாம். அதைத் தாண்டியபின் ஓடுபாதைக்குள் நிறுத்த முடியாது. எழும்பியே ஆக வேண்டும். இரட்டை என்ஜின் விமானம் அந்த வேகத்துக்குப் பின் ஒரு என்ஜினை இழந்தாலும் மற்றதைக் கொண்டு பாதுகாப்பாக ஏறி, சுற்றி வந்து இறங்க முடிய வேண்டும் என்பது சான்றளிப்பின் அடிப்படை விதி. ஆகவே ஒரு என்ஜின் நின்றதால் மட்டும் நவீன விமானம் விழாது. விழுந்தால், அதோடு வேறொன்றும் சேர்ந்து பிசகியிருக்கிறது என்று பொருள்.

1976: ஒரு தகட்டின் விரிசல்

பம்பாயில் விழுந்தது காரவெல் ரக விமானம். பிரெஞ்சுத் தயாரிப்பு. வால் பகுதியில் இரண்டு பக்கமும் இரண்டு ஜெட் என்ஜின்கள். இந்தியன் ஏர்லைன்ஸ் 1964 முதல் பறக்கவிட்ட இந்த ரகம், அந்நாளில் மீனம்பாக்கத்துக்கு நன்கு பழக்கமானது.

என்ஜினுக்குள் காற்றை அழுத்தும் பகுதியில் வட்டத் தகடுகள் அடுக்கடுக்காகச் சுழலும். ஒவ்வொரு புறப்பாட்டிலும் தகடு உச்ச வேகத்துக்குப் போய் வெளிநோக்கி இழுபடும்; இறங்கி நின்றதும் தளரும். கம்பியை மாறி மாறி வளைத்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடிகிறதே, அதுபோல உலோகமும் களைத்துப்போகும். கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல் ஒன்று உண்டாகி, பயணத்துக்குப் பயணம் சிறிது சிறிதாக நீளும். பம்பாய் விமானத்தில் பத்தாவது அடுக்குத் தகடு அப்படிக் களைத்திருந்தது. முழு விசையில் ஏறும்போது அது உடைந்து சிதறியது.

சிதறிய துண்டுகள் என்ஜின் உறையைக் கிழித்து, எரிபொருள் குழாய்களை அறுத்தன. கொட்டிய எரிபொருளில் தீப்பற்றியது. காரவெல்லின் வால், இறக்கைக் கட்டுப்பாடுகள் முழுக்க ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குபவை. தீ அந்த எண்ணெயைத் தின்றது. விமானி செய்ய வேண்டியதைச் செய்தார். ஒற்றை என்ஜினில் சுற்றி வந்து ஓடுபாதையை நெருங்கியும் விட்டார். கடைசிச் சில நூறு அடியில் கட்டுப்பாடு முற்றிலும் போய், விமானம் மூக்குக் குப்புற விழுந்தது.

அந்த விரிசலைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய இடம் பழுதுபார்ப்புக் கூடம். இன்று இத்தகைய தகடுகளுக்கு இத்தனை புறப்பாடுகள்தான் ஆயுள் என்று எண்ணிக்கை வகுத்திருக்கிறார்கள். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் எண்ணிக்கை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். ஒளிரும் திரவம், மீயொலி, சுழல் மின்னோட்டம் எனப் பலவித முறைகளில் விரிசல் தேடுகிறார்கள். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் இப்படிப்பட்ட ஒரு விபத்தின் உயிரிழப்புகள் உண்டு.

இந்திய வரிசை: நாக்பூர் முதல் திருச்சி வரை

சென்னைப் பயணம் புறப்பாட்டிலேயே முடிந்தது 1976இல் முதல்முறை அல்ல. 1949இல் தொடங்கிய இரவு விமானத் தபால் சேவையில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊர் விமானங்களும் நள்ளிரவில் நாக்பூரில் கூடி, தபால் பைகளை மாற்றிக்கொண்டு பிரியும். 1953 டிசம்பர் 12 அன்று அங்கிருந்து சென்னைக்குக் கிளம்பிய டகோட்டா, என்ஜின் கோளாறால் எழும்பியதும் விழுந்தது. 13 பேர் இறந்தார்கள்.

1978 புத்தாண்டு நாளில் பம்பாயிலிருந்து துபாய் சென்ற ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’ ஜம்போ ஜெட், எழும்பிய 101 விநாடிகளில் பாந்திராவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. 213 பேர் இறந்தனர். இருட்டு, கீழே கடல், கண்ணுக்கு அடிவானம் தெரியாது. கேப்டனுக்கு எதிரே இருந்த, விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி, விமானம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகத் தவறாகக் காட்டி நின்றுவிட்டது. அவர் அதை நம்பி இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். சக விமானியின் கருவியும் மூன்றாவது கருவியும் உண்மையைக் காட்டிக்கொண்டிருந்தன. கருவிகள் முரண்படும்போது எதை நம்புவது, அதை யார் உரக்கச் சொல்வது என்பது பயிற்சி அறையில் கற்றுத்தர வேண்டிய பாடம்.

1993 ஏப்ரல் 26, ஔரங்காபாத். இந்த விபத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பம்பாய் செல்லும் இந்தியன் ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம் 118 பேருடன் ஓடியது. ஓடுபாதை முடியும் இடத்துக்கு வெளியே பீட் சாலை குறுக்கே போகிறது. அந்த நேரம் பஞ்சுப் பொதிகளை உயரமாக அடுக்கிய லாரி ஒன்று அதில் போய்க்கொண்டிருந்தது. விமானி மூக்கைத் தூக்கத் தாமதித்தார். எழும்பிய விமானத்தின் சக்கரக் காலும் இடது என்ஜினின் அடிப்பகுதியும் லாரியில் மோதின. தள்ளாடிப் பறந்த விமானம் சில கிலோமீட்டருக்கு அப்பால் உயர் அழுத்த மின்கம்பிகளில் சிக்கி விழுந்தது. 55 பேர் இறந்தனர். 63 பேர் தப்பினர். விசாரணை விமானிகளின் தவற்றைச் சொன்னதோடு நிற்கவில்லை. விமானம் புறப்படும் நேரத்தில் பீட் சாலைப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தத் தவறிய விமான நிலைய நிர்வாகத்தையும் காரணமாக்கியது. சுற்றுச்சுவருக்கு வெளியே போகும் ஒரு சாலை, விபத்தின் காரணமாக எழுத்தில் பதிவானது.

நம் மாநிலத்தில் அப்படியொரு துயரம் மயிரிழையில் தவறியது. 2018 அக்டோபர் 12 அதிகாலையில் திருச்சியிலிருந்து துபாய்க்கு 136 பேருடன் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஓடுபாதை முழுவதையும் விழுங்கிவிட்டு, இறக்கத்துக்கு வழிகாட்டும் ஆன்டெனா அமைப்பையும் சுற்றுச்சுவரையும் அடிவயிற்றால் உரசிக்கொண்டு எழும்பியது. பிறகு மும்பைக்குத் திருப்பப்பட்டுப் பத்திரமாக இறங்கியது. ஓட்டத்தின்போது கேப்டனின் இருக்கைச் சாய்மானம் பின்னுக்குச் சரிந்ததும், அந்தத் தடுமாற்றத்தில் என்ஜின் விசை குறைக்கப்பட்டதை இரு விமானிகளும் கவனிக்காததும் விசாரணையில் தெரியவந்தன. இருக்கையின் ஒரு பூட்டு சரியாகப் பிடிக்காவிட்டால் 136 உயிர்கள் ஊசலாடும்.

உலகம் சொல்வதும் இதுவே

அமெரிக்காவின் சிகாகோவில் 1979 மே 25 அன்று புறப்பட்ட டி.சி-10 விமானத்தின் இடது என்ஜின், தாங்கியோடு பிய்ந்து விழுந்தது. விமானத்திலிருந்த 271 பேரும் தரையில் இருவரும் இறந்தனர். சில வாரங்களுக்கு முன் பழுதுபார்க்கும்போது நேரத்தை மிச்சப்படுத்த என்ஜினையும் தாங்கியையும் ஒன்றாகவே ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் ஏந்திக் கழற்றி மாட்டியிருந்தார்கள். அதில் உண்டான விரிசல்தான் விபத்தின் வேர்.

2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்ட் எரிந்து விழுந்து 113 பேர் இறந்தார்கள். அவர்களில் நால்வர் தரையில் ஒரு ஹோட்டலில் இருந்தவர்கள். முந்தைய விமானம் ஒன்றிலிருந்து ஓடுபாதையில் விழுந்து கிடந்த உலோகப் பட்டை டயரைக் கிழித்ததுதான் தொடக்கம். 2008இல் மாட்ரிட்டில் ஸ்பான்ஏர் விமானம் இறக்கையின் ஃபிளாப்புகளை விரிக்காமலேயே ஓடியது. அதை எச்சரிக்க வேண்டிய ஒலியும் எழவில்லை. 154 பேர் மாண்டனர். 2009இல் நியூயார்க்கில் வாத்துக் கூட்டத்தில் மோதி இரு என்ஜின்களையும் இழந்த விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கி, 155 பேரும் தப்பினர். ஹட்சன் அகன்ற ஆறு. நம் அடையாறு அப்படிப்பட்டதல்ல.

இவற்றை வரிசைப்படுத்தினால் காரணங்கள் இப்படி நிற்கின்றன: களைத்த தகடு, பழுதான கருவி, சாலையில் லாரி, சரிந்த இருக்கை, குறுக்குவழிப் பழுதுபார்ப்பு, ஓடுபாதைக் குப்பை, மறந்த சரிபார்ப்பு, பறவை. விமானியின் கை கடைசியில் செய்ததும் செய்யத் தவறியதும் உண்டு. ஆனால் ஏறத்தாழ எல்லாவற்றிலும் முன்கூட்டியே தடுத்திருக்கக்கூடிய ஒரு மனிதரோ ஒரு முறையோ தரையில் இருந்தது.

அகமதாபாத்: அறிக்கையும் வதந்தியும்

2025 ஜூன் 12 பிற்பகல் 1.38க்குப் பிறகு அகமதாபாத்தில் எழும்பிய போயிங் 787-8 விமானம், சுமார் அரை நிமிடத்தில் பி.ஜே. மருத்துவக் கல்லூரி விடுதி வளாகத்தில் விழுந்தது. லண்டன் செல்லவிருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். தரையில் 19 பேர் இறந்தனர். மதிய உணவு நேரம். விடுதி மெஸ்ஸில் மாணவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

விழுந்த நாளிலிருந்தே ஃபிளாப் விரிக்கவில்லை, பறவை மோதியது, எரிபொருளில் கலப்படம் என்று ஆளுக்கொரு தீர்ப்பு உலவியது. ஒரு மாதத்தில், ஜூலை 12 அன்று விமான விபத்து புலனாய்வு அமைப்பு முதற்கட்ட அறிக்கையை வெளியிட்டது. ஃபிளாப்புகள் சரியான நிலையில் இருந்தன. பாதையில் குறிப்பிடத்தக்க பறவை நடமாட்டம் இல்லை. எரிபொருள் மாதிரிகளில் குறையில்லை. எழும்பிய சில விநாடிகளில் இரு என்ஜின்களின் எரிபொருள் ஸ்விட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் அடுத்தடுத்து ‘நிறுத்து’ நிலைக்கு மாறியிருந்தன. ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு விமானி கேட்க, நான் செய்யவில்லை என்று மற்றவர் சொன்னது பதிவாகியிருந்தது. ஸ்விட்சுகள் மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டன. என்ஜின்கள் மறுபடி வேகம் பிடிக்க நேரம் போதவில்லை.

ஸ்விட்சுகள் ஏன், எப்படி மாறின என்பதற்கு அந்த அறிக்கை விடை தரவில்லை. அதற்குள் இறந்துபோன விமானிகள் மீது பழி சுமத்திப் பேசியவர்கள் அவர்கள் குடும்பத்துக்குப் பெரும் அநீதி இழைத்தார்கள். பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பு இதில் தெளிவாக இருக்கிறது: விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, குற்றவாளியைத் தேடுவது அன்று. முப்பது நாளில் முதற்கட்ட அறிக்கை, இயன்றவரை பன்னிரண்டு மாதத்தில் இறுதி அறிக்கை என்பது அதன் நெறி. அறிக்கை தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் வதந்திக்கு இடம் கொடுக்கும்.

தாம்பரம் தந்த பாடம்

காரணம் அறிய முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தாம்பரம் நேரில் கண்டது. 2016 ஜூலை 22 காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய ஏ.என்-32 விமானம், ஒரு மணி நேரத்துக்குள் வங்கக் கடலின் மேல் ரேடாரிலிருந்து மறைந்தது. அது பயணிகள் விமானமல்ல, விமானப்படையின் சரக்கு விமானம். விபத்தும் புறப்பாட்டின் முதல் நிமிடங்களில் நேர்ந்ததல்ல. எனினும் இந்தப் பகுதியின் விமானத் துயரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுவே. கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கியும் வாரக்கணக்கில் தேடியும் அன்று எதுவும் கிடைக்கவில்லை.

ஏழரை ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஜனவரியில், விடை தாம்பரத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்தே வந்தது. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம் பிடித்தது. அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல்போன வரலாறு இல்லாததால், அது தாம்பரம் விமானத்தின் சிதைவே என்று பாதுகாப்பு அமைச்சகம் கருதியது. உறவினர்களுக்குக் குறைந்தபட்சம் இடமாவது தெரிந்தது. விடாமல் தேடுவது, கிடைத்ததைப் பொதுவில் சொல்வது என்ற இரண்டும் துயரப்பட்டவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன்.

மீனம்பாக்கத்தின் நாலாபுறமும்

1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டி வந்தபோது, அங்கிருந்து பெல்லாரி வழியாக அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். அந்நாளில் மீனம்பாக்கத்தைச் சுற்றி வயலும் ஏரியும் மலையும்தான். இன்று முதன்மை ஓடுபாதைக்கு மேற்கே பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர், கவுல் பஜார். வடகிழக்கே பரங்கிமலை, ஆலந்தூர். இரண்டாம் ஓடுபாதைக்கு வடமேற்கே கொளப்பாக்கம், மணப்பாக்கம். தெற்கே திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை என இடைவெளியின்றி ஊர் நிரம்பிவிட்டது. இரண்டாம் ஓடுபாதையை நீட்ட இடமில்லாமல் அடையாற்றின் மேலேயே பாலம் கட்டி ஓடுபாதை போட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த ஆறு நிலையத்துக்குள் புகுந்து, பல நாள் விமானமே இயங்கவில்லை.

இங்கே கட்டடம் கட்டுவோர் விமான நிலைய ஆணையத்தின் வண்ண வரைபடத்தைப் பார்த்து உயரத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் உயரக் கட்டுப்பாட்டு விதிகள் அதற்கு அடிப்படை. இந்த விதிகள் விமானத்தைக் கட்டடத்திடமிருந்து காக்கின்றன. கட்டடத்தில் இருப்பவரை விமானத்திடமிருந்து காக்க என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி. பிரிட்டனில் ஓடுபாதை முனைகளிலிருந்து நீளும் முக்கோணப் பகுதியைப் பொதுப் பாதுகாப்பு மண்டலம் என்று வரையறுத்து, அங்கே புதிதாக மக்கள் கூடும் கட்டடங்கள் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். நம் நாட்டில் விதிகளின் மையம் உயரம்தான். உயரம் குறைவாக இருந்தால் பள்ளியோ விடுதியோ மருத்துவமனையோ ஓடுபாதையின் நேர்க்கோட்டில் எழலாம். அகமதாபாத்தில் விமானம் விழுந்த விடுதி, ஓடுபாதை முனையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருந்தது.

இதைச் சொல்வது, அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களை விரட்டுவதற்கு அல்ல. அடையாற்றங்கரை ஏழைகள் பலமுறை இடம்பெயர்க்கப்பட்டவர்கள். பாதுகாப்பின் பெயரால் அவர்களை மறுபடி அலைக்கழிப்பது நியாயமாகாது. ஓடுபாதையின் நேர்க்கோட்டில் புதிதாகப் பெருங்கூட்டம் சேரும் கட்டடங்களுக்கு மட்டும் தடை போதும். சென்னைக்குப் பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் வேண்டுமா என்பதில் அங்குள்ள ஏகனாபுரம் மக்களின் எதிர்ப்பு கேட்கப்பட வேண்டிய ஒன்று. எங்கே எந்த விமான நிலையம் வந்தாலும், ஓடுபாதை முனைகளுக்கு அப்பாலும் நிலப் பயன்பாட்டை முதல் நாளிலேயே வரையறுக்க வேண்டும்.

குப்பையும் பருந்தும்

ஞாயிற்றுக்கிழமை காலை பம்மல், அனகாபுத்தூர் கடைத்தெருக்களில் கோழிக்கடைகளின் முன் கூட்டம் நிற்கும். வெட்டிய கோழியின் குடலும் தோலும் இறகும் கடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் டிரம்மில் சேரும். முறையாக எடுத்துச் செல்லும் வண்டி வராத நாளில் அந்த டிரம், இருட்டிய பின் ஏரிக்கரையிலோ ஆற்றுச் சரிவிலோ கவிழும். விடிந்ததும் மேலே பருந்துகள் வட்டமிடும். அவற்றின் கீழ்தான் விமானங்கள் சக்கரத்தை மடக்கிக்கொண்டு ஏறுகின்றன.

1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 91ஆவது விதி, விமான நிலையத்தின் மையப் புள்ளியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் விலங்கு அறுப்பதையும் பறவைகளை ஈர்க்கும் குப்பை கொட்டுவதையும் தடுக்கிறது. பத்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டை, பெருங்குடி எல்லாம் அடங்கும். வட்டத்தின் ஓரம் தாம்பரத்தைத் தொடும். ஆயினும் பல்லாவரம் பெரிய ஏரியில் பல ஆண்டுகள் குப்பை கொட்டினார்கள். பெருங்குடிக் கிடங்கு சதுப்பு நிலத்தின் மேலேயே மலையாக வளர்ந்தது. விதி இருந்தது, அதைக் காப்பவர் இல்லை. பெருங்குடியில் பழைய குப்பையைப் பிரித்து அகற்றும் பணி பறத்தல் பாதுகாப்புக்கும் செய்த பணிதான். 2022இல் ராம்சர் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பில் தங்கும் நீர்ப்பறவைகளைக் குற்றம் சொல்லக் கூடாது. அவை காலங்காலமாக அங்கே இருப்பவை. பருந்தையும் காகத்தையும் ஓடுபாதைக்கு அருகே கூட்டி வருவது நாம் கொட்டும் கழிவு.

இதில் ஒரு நிர்வாகச் சிக்கலும் உண்டு. நிலையத்தைச் சுற்றிப் பெருநகர சென்னை மாநகராட்சி, 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சி, பரங்கிமலை–பல்லாவரம் கன்டோன்மென்ட், ஊராட்சிகள் எனப் பல எல்லைகள். ஓர் எல்லையில் விரட்டப்பட்ட குப்பை வண்டி அடுத்த எல்லையில் கொட்டிவிட்டுப் போகும். பருந்துக்கு எல்லை கிடையாது. விமான நிலையச் சுற்றுச்சூழல் மேலாண்மைக் குழுவில் இந்த உள்ளாட்சிகள் அனைத்தும் உட்கார வேண்டும். அதன் கூட்டக் குறிப்புகள் மக்கள் படிக்கும்படி வெளிவர வேண்டும்.

விழுந்த பிறகு

தடுக்கும் வழி ஒரு பக்கம். நேர்ந்துவிட்டால் காப்பது மறுபக்கம். பெரிய விமான நிலையங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு அளவிலான அவசரகால ஒத்திகை நடத்த வேண்டும். அந்த ஒத்திகை பெரும்பாலும் சுவருக்கு உள்ளேதான். புறப்பாட்டு விபத்தோ சுவருக்கு வெளியே நிகழ்வது. பொழிச்சலூரிலோ கவுல் பஜாரிலோ இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்தால் நின்றுவிடும் தெருக்கள் உண்டு. நுரை பீய்ச்சும் பெரிய தீயணைப்பு வண்டி அங்கே எந்த வழியில் நுழையும் என்பதை இப்போதே ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். குரோம்பேட்டை அரசு மருத்துவமனை அருகில் இருக்கிறது. தீக்காயத்துக்குப் பேர்பெற்ற அரசுப் பிரிவு கீழ்ப்பாக்கத்தில். நெரிசல் நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டி அங்கே போய்ச் சேருவது எளிதல்ல. தென்புறநகரில் தீக்காயச் சிகிச்சைப் பிரிவு ஒன்று இருந்தால், விமான விபத்து நேராவிட்டாலும் நாள்தோறும் அது பயன்படும்.

இழப்பீட்டிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. பன்னாட்டுப் பயணத்தில் இறக்கும் பயணியின் குடும்பத்துக்கு மாண்ட்ரீல் ஒப்பந்தம் உரிமை தருகிறது. இந்தியா 2009 முதல் அதில் உறுப்பு நாடு. மேலே விமானம் விழுந்து இறந்த மாணவனையோ டீக்கடைக்காரரையோ அந்த ஒப்பந்தம் பேசுவதில்லை. தரையில் இருந்தவர் டிக்கெட் வாங்கி அபாயத்தை ஏற்றுக்கொண்டவர் அல்லர். அவருக்கான உரிமை பயணியின் உரிமைக்குக் குறையாத சட்டமாக வேண்டும்; நிறுவனத்தின் கருணையாக இருக்கலாகாது.

முடிவாக

விமானப் பயணம் இன்றும் மிகப் பாதுகாப்பான பயணங்களுள் ஒன்று. அந்தப் பாதுகாப்பு தானாக வந்ததில்லை. ஒவ்வொரு விபத்துக்கும் பிறகு யாரோ காரணத்தைத் தோண்டி எடுத்து, அதை எழுதி, மற்றவர்கள் அதைப் படித்துத் தம் வேலையை மாற்றிக்கொண்டதால் வந்தது. தகட்டில் விரிசல் தேடும் தொழிலாளி, கருவிகள் முரண்பட்டால் குரலெழுப்பும் இளைய விமானி, ஓடுபாதையில் கிடக்கும் இரும்புத் துண்டைக் குனிந்து எடுக்கும் ஊழியர், கழிவை உரிய வண்டியில் சேர்க்கும் கோழிக்கடைக்காரர் ஆகிய அனைவரும் ஒரே சங்கிலியில் இருக்கிறார்கள்.

நம் பங்கு நேரடியானது. உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இறைச்சிக் கழிவு எங்கே போகிறது? ஓடுபாதையின் நேர்க்கோட்டில் புதிதாக எந்தப் பெரிய கட்டடத்துக்கு அனுமதி தரப்படுகிறது? சுவருக்கு வெளியே கடைசியாக எப்போது மீட்பு ஒத்திகை நடந்தது? பதிலை எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை அடுத்தடுத்த கூட்டங்களிலும் கேட்டுக்கொண்டே இருங்கள்.